இலவசக் குலுக்கல்: யாருக்கு என்ன நஷ்டம்?

"சார், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் சிற்றிதழ் நடத்தும் இளம் நண்பர். காலாண்டிதழ். எட்டாவது இதழ் பணம் கட்டப்படாமல் அச்சகத்தில் கிடக்கிறது. காகித விலை ஏறிவிட்டது, சந்தா ஏறவில்லை. தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றில் இதொன்றும் புதிய செய்தி அன்று. அவருக்கும் அவரோடு இதழை நடத்தும் மற்றொரு நண்பருக்கும் ஒரு வழி தோன்றியிருக்கிறது. இதழின் இணையப் பதிப்பில் நாள்தோறும் ஒரு குலுக்கல். வாசகர் ஒருமுறை பதிவு செய்துகொண்டு ஓர் எண் பெற வேண்டும். ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் வந்து அன்றைய எண் தம்முடையதா என்று பார்த்தால் போதும். தம்முடையதாயின் 300 ரூபாய்க்குப் புத்தகம். எண்ணுக்குரியவர் அன்றைக்கு வந்து பார்க்காமற்போனால் அத்தொகை மறுநாள் பரிசோடு சேரும். அந்தப் பக்கத்து விளம்பரங்களால் வரும் பணத்தில் பரிசுக்குப் போக மிச்சம் அச்சகத்துக்கு. பிரிட்டனில் இப்படியொன்று பல்லாண்டுகளாக நடக்கிறது என்று சான்றும் காட்டினார். அறிவிப்பில் நமது பெயரையும் ஆதரவாளராகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பதற்காகவே வந்திருந்தார்.

பெயரைத் தர மறுத்தோம். ஏன் மறுக்கிறோம் என்பதை அன்று ஒழுங்காகச் சொல்ல இயலவில்லை. சூது, ஆசை என்று ஏதோ சொன்னோம். ஒழுக்க நூல் நடத்துகிற வாத்தியார் வேறென்ன சொல்வார் என்று நண்பர் எண்ணியிருக்கக்கூடும். அவருடைய கேள்விக்கு விடை கடனாக நிற்கிறது. இதை அந்தக் கடனின் பொருட்டே எழுதுகிறோம்.

மோசடிகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். உங்கள் எண்ணுக்குக் கோடி ரூபாய் விழுந்திருக்கிறது, கட்டணமாகப் பத்தாயிரம் அனுப்புக என்று வருகிற குறுஞ்செய்திகள் காவல்துறையின் பாடு. அவற்றைக் கண்டிப்பதற்குக் கட்டுரை வேண்டியதில்லை. நமது நண்பர் நேர்மையாளர். அவர் காட்டிய பிரிட்டன் சான்றும் நேர்மையானதே. சொன்ன பரிசு தரப்படுகிறது, பணம் வாங்கப்படுவதில்லை, விளம்பரத்தால் நடக்கிறது என்பதும் ஒளிக்கப்படுவதில்லை. நாம் எதிர்ப்பது அந்த நேர்மையான குலுக்கலையே. மோசடிக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நண்பரின் கேள்வி அப்படியே நிற்கும்.

ஆங்கிலேய, அமெரிக்கச் சட்ட மரபில் லாட்டரிக்கு மூன்று உறுப்புகள் சொல்வார்கள். பரிசு, தற்செயல், கைம்மாறு. பரிசுக்கான வாய்ப்பைப் பெறுவதற்குப் பங்கேற்பவர் கொடுக்கிற விலையே கைம்மாறு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது லாட்டரி ஆகாது. லாட்டரியைச் சட்டம் தடுத்த இடங்களிலெல்லாம் வணிகர் இந்த மூன்றாவது உறுப்பைக் கழற்றிவைக்க முயன்றிருக்கிறார்கள். இலவசக் குலுக்கலின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்தக் கழற்றலின் வரலாறே.

1930களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கூட்டம் குறைந்தது. சார்லஸ் யேகர் என்பவர் 'பேங்க் நைட்' என்றொரு குலுக்கலைக் கண்டுபிடித்து அரங்குகளுக்கு வாடகைக்கு விட்டார். அரங்கின் முகப்பில் வைத்திருக்கும் பேரேட்டில் எவரும் பெயரை எழுதலாம். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமென்பதில்லை. வாரத்தில் ஓரிரவு ஒரு பெயர் எடுக்கப்படும். பெயருக்குரியவர் சில நிமிடங்களுக்குள் மேடைக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் தொகை அடுத்த வாரத்தோடு சேரும். சீட்டு வாங்காமல் தெருவில் நிற்பவருக்கும் பரிசு உண்டு என்பது ஏட்டளவில் முழு உண்மை. சில நிமிடங்களுக்குள் மேடையேறக்கூடியவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதை யேகரும் அறிவார், அரங்குக்காரரும் அறிவார், பெயர் எழுதியவரும் அறிவார்.

நமது நண்பரின் திட்டத்திலுள்ள விதியும் இதுவே என்பதை வாசகர் கவனித்திருப்பார்கள். வரவேண்டும், வராவிட்டால் தொகை சேரும். தொண்ணூறு ஆண்டுகளாக மாறாத விதி.

பிறகு வானொலி வந்தது. 1948இல் ஏபிசி நிறுவனம் 'ஸ்டாப் த மியூசிக்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. பாட்டொன்று ஒலித்துக்கொண்டிருக்கும், திடீரென நிறுத்தப்படும், நாட்டின் ஏதோவொரு வீட்டில் தொலைபேசி மணியடிக்கும். எடுத்தவர் பாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னால் பரிசுகள். அதே ஞாயிறு இரவில் வேறொரு வானொலியில் ஃபிரெட் ஆலன் என்ற நகைச்சுவைக் கலைஞர் நிகழ்ச்சி நடத்தி வந்தார். சொல்லாடலில் அவ்வூரின் பெரும்புள்ளி. அவருடைய நேயர்கள் குலுக்கலுக்குக் கும்பல் கும்பலாகப் போனார்கள். ஆலன் என்ன செய்தார் தெரியுமா? தமது நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததனால் பரிசு அழைப்பைத் தவறவிட்ட நேயர் எவருக்கும் 5,000 டாலர் வரை ஈடு தரப்படும் என்று காப்புறுதிப் பத்திரம் எழுதி அறிவித்தார்! வேடிக்கையாகச் செய்ததுதான். ஆனால் நமக்குத் தெரிந்தவரை இலவசப் பரிசின் உள்ளியக்கத்தை இதைவிடத் துல்லியமாக எவரும் விளக்கியதில்லை. நேயர்கள் அந்த வானொலியைத் திருப்பியது பரிசு கிடைக்கும் என்ற நம்பிக்கையால் மட்டுமன்று. மணியடிக்கும்போது வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்து விடுவோமோ என்ற அச்சத்தால். அச்சத்துக்குத்தான் காப்புறுதி எழுதுவார்கள்; ஆசைக்கு எழுதுவதில்லை. பத்திரம் பலிக்கவில்லை. 1949இல் ஆலனின் நிகழ்ச்சி நின்றுபோயிற்று.

அதே 1949இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இத்தகைய நிகழ்ச்சிகளை லாட்டரியாகக் கருதும் விதிகளை வெளியிட்டது. பழைய லாட்டரிதான் புது வேடத்தில் வந்திருக்கிறது என்பது ஆணையத்தின் கருத்து. ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் ஆகிய மூன்று பெரும் வானொலி நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. 1954இல் தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கமே நின்றது. வீட்டிலிருக்கும் நேயர் எதையும் வாங்குவதில்லை, எங்கும் போவதில்லை, கேட்கிறார், அவ்வளவே. கேட்பதைக் கைம்மாறு என்று கொண்டு தண்டனைச் சட்டத்தை அத்தனை தூரம் இழுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

தண்டனைச் சட்டத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு சரியே. பாட்டுப் போட்டு பரிசு கொடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாமும் விரும்பவில்லை. ஆனால் குற்றமில்லை என்பதும் விலையில்லை என்பதும் ஒன்றாகிவிடுமா? நேயர் தந்த காதை நிறுவனம் விளம்பரதாரரிடம் நிமிடக் கணக்கில் ரொக்கத்துக்கு விற்றது. வாங்குகிறவருக்கு அதற்கு விலை உண்டு, விற்கிறவருக்கும் உண்டு. கொடுத்தவருக்கு மட்டும் அது சுழியம். எவருக்குச் சுழியம் என்று சொல்லப்படுகிறதோ அவரிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது. இன்றைய இலவசக் குலுக்கல்களும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் கைம்மாற்றைப் பணமாகவும் பணமதிப்பாகவுமே காண்கிறது. கட்டணமில்லாக் குலுக்கல் உரிமம் பெற வேண்டியதில்லை. நம் நாட்டில் 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டியோ பணத்துக்கு ஈடான பணயம் வைத்தோ ஆடுவதையே தடுக்கிறது. ஆகவே நண்பரின் குலுக்கலைச் சட்டம் தீண்டாது என்றே நினைக்கிறோம். அது நமது ஆட்சேபமும் அன்று.

இனி நண்பரின் சான்றுக்கு வருவோம். 2011இல் பிரிட்டனில் 'ஃப்ரீ போஸ்ட்கோட் லாட்டரி' என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கப்பட்டது; இப்போது 'பிக் மை போஸ்ட்கோட்' என்ற பெயரில் நடக்கிறது. வீட்டின் அஞ்சல் குறியீடே சீட்டு. நாள்தோறும் ஒரு குறியீடு எடுக்கப்படும். அது உங்களுடையதாயிருந்து, கெடுவுக்குள் நீங்களே வந்து பார்த்து உரிமை கோரினால் பணம் உங்களுக்கு. கோராவிட்டால் மறுநாளைக்குச் சேரும். முதன்மைக் குலுக்கலோடு வேறு சில குலுக்கல்களும் உண்டு. ஒன்றின் முடிவைக் காண ஒரு காணொளியைப் பார்க்க வேண்டும். இன்னொன்றுக்குக் கருத்துக்கணிப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வந்து வந்து போவதற்கேற்பச் சில காசுகள் உங்கள் கணக்கில் 'போனஸ்' என்று ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் என்றேனும் வென்றால்தான் அதுவும் கைக்கு வரும்.

இதில் ஒரேயொரு இடத்தை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டுகிறோம். வென்றவர்க்கு ஏன் ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தெரிவிப்பதில்லை? குறியீடு தளத்தாரிடம் இருக்கிறது, முகவரி இருக்கிறது. 'நேற்று உங்களுக்குப் பரிசு விழுந்தது, பணம் அனுப்பியிருக்கிறோம்' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பரிசு தருவது நோக்கமாயின் அதுவே இயல்பான வழி. அப்படிச் செய்தால் பதிவு செய்தவர் எவரும் மறுபடி வரமாட்டார். வராதவர்க்கு விளம்பரம் காட்ட இயலாது. விளம்பரமின்றிப் பரிசும் இல்லை. ஆகவே வென்றவரிடம் வென்றதைச் சொல்லாதிருப்பதுதான் இந்தத் தொழிலின் அச்சாணி. குலுக்கல் என்பது பக்கத்தில் நடக்கிற சடங்கு.

இவ்விடத்தில் நண்பரின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். யாருக்கு என்ன நஷ்டம்? பதிவு செய்யாதவர்க்கு நஷ்டம் என்று ஒன்றும் இல்லை. பதிவு செய்த நாள்முதல் உண்டு. நேற்றுவரை எவர் குறியீடு விழுந்தாலும் நமக்கென்ன என்றிருந்தவர், இன்று தமது குறியீடு விழுந்து தாம் பார்க்காமல் விட்டால் பணத்தை இழந்தவராகிறார். முன்பு இல்லாத ஓர் இழப்பு அவருக்கென்று உண்டாக்கப்பட்டு, அந்த இழப்பிலிருந்து தப்புவதற்காக நாள்தோறும் அவர் வரவழைக்கப்படுகிறார். லாட்டரி ஆசையை விற்றது. இது இழப்பைத் தயாரித்துக் கொடுத்து, அதிலிருந்து ஒருநாள் விடுப்பை ஒவ்வொரு நாளும் விற்கிறது. நஷ்டமே இல்லாத விளையாட்டு என்று இதைச் சொல்வது இதன் இயக்கத்தையே மறைப்பதாகும். நஷ்ட பயம் இல்லையேல் இது ஒருநாளும் ஓடாது.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சூதில் தோற்பதைவிட வெல்வதையே அவர் அதிகம் அஞ்சினார் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கத்தைப் படித்தவர்க்குத் தெரியும். அங்கே வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாகிறது. இருந்தாலும் அவர் அறிந்த சூதில் பணயம் உண்டு. தருமன் நாட்டை வைத்தான், நளனும் வைத்தான். வைத்த பொருள் போகும்போது போவது தெரியும். தெரிந்தால் என்றேனும் எழுந்துபோகும் நாளும் வரக்கூடும். பணயமே கேட்காத சூதில் எழுந்துபோவதற்கான காரணத்தை ஆடுகிறவர் எங்கே தேடுவார்? எதை இழந்தோம் என்று சொல்லிக்கொண்டு எழுவார்?

கணக்கில் விருப்பமுள்ளவர்க்கு ஒரு கணக்கு. நண்பரின் குலுக்கலில் 3,000 வாசகர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (சிற்றிதழுக்கு இது பேராசைதான், போகட்டும்). ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு நிமிடம் செலவிடுகிறார். 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். அன்றைய பரிசு 300 ரூபாய். மணிக்கு 6 ரூபாய் விழுகிறது. அந்த ஆறு ரூபாயும் உழைத்தவர் எல்லோருக்கும் பிரித்துத் தரப்படுவதில்லை. ஒருவருக்குப் போகிறது, அவரும் அன்று வந்திருந்தால். எல்லோருக்கும் ஒரேயொரு முறை முறைவைத்துக் கொடுத்து முடிக்க எட்டாண்டுகளுக்கு மேல் ஆகும். இலக்கிய வாசகனின் ஒரு மணி நேரத்துக்கு ஆறு ரூபாய் என்று கூலி நிர்ணயித்து ஓர் இலக்கிய இதழே அறிவிப்பு வெளியிட்டால் எப்படியிருக்கும் என்று நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. பத்திரிகைகளும் விளம்பரத்தால்தானே வாழ்கின்றன? கவனத்தை விற்பது குற்றமென்றால் முதற்பக்க விளம்பரம் போடுகிற நாளேடு தொடங்கி எல்லோரும் குற்றவாளிகள் அல்லவா? அல்லர். நாளேட்டை வாங்குகிறவர்க்குச் செய்தி கிடைக்கிறது. விளம்பரத்தைத் தாண்டிப் படிக்கலாம், பார்க்காமலும் விடலாம். இதழின் கடைசிப் பக்கத்தில் துணிக்கடை விளம்பரம் வந்தால் உள்ளேயிருக்கும் சிறுகதை குறைந்துபோவதில்லை. 3,000 பேரும் அந்தச் சிறுகதையைப் படிக்கிறார்கள். குலுக்கல் பக்கத்தில் ஒருவர் தவிர 2,999 பேர்க்கு விளம்பரத்தைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. வெறும் விளம்பரத்தைப் பார்க்க எவரும் தாமாக வரமாட்டார் என்பதனால்தான் நடுவில் ஒரு பரிசு தொங்கவிடப்படுகிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. அதை எதிர்கொள்ள நமக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஏழைக்கு நம்பிக்கையும் ஓர் இன்பம், அதையும் ஏன் பறிக்கிறீர்கள் என்பது. தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கத்தை நமது பெற்றோர் தலைமுறை மனப்பாடமாகச் சொல்லும். தோற்றவனைக் கொடையாளி என்று அழைத்த சாமர்த்தியம் அந்த முழக்கத்தில் உண்டு. பின்னாளில் அந்தச் சீட்டுகள் எத்தனை குடும்பங்களைத் தின்றன என்பதைக் கண்டவர்கள் நாம். 2003 ஜனவரியில் தடை வந்தபோது மகிழ்ந்தோம். அந்தக் கொடுமையோடு இலவசக் குலுக்கலை நிறுத்துப் பார்த்தால் இது இலேசானது, ஐயமில்லை. இதனால் எவர் வீட்டிலும் அடுப்பு அணையாது. ஆயினும் நம்பிக்கை என்ற ஒன்றைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு ரூபாய்ச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவருக்குக் குலுக்கல் நாள்வரை கனவு சொந்தம். அதை அவர் தேநீர்க்கடையிலோ திண்ணையிலோ தம் விருப்பம்போல் கண்டார். இங்கே கனவு இரவல். ஒரு நாளைக்கு மட்டும் தரப்படுகிறது. மறுநாள் அதே பக்கத்துக்கு வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இலக்கிய இதழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று மிச்சமிருக்கிறது. நண்பருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் 'பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ்' என்றால் குலுக்கல் என்று குழந்தைக்கும் தெரியும். பெயரைக் கவனியுங்கள், பதிப்பாளர்களின் பெயரால் அழைக்கப்படுகிற நிறுவனம். 1953இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஹெரால்டு மெர்ட்ஸ் என்பவர் தம் மனைவி, மகளோடு சேர்ந்து தொடங்கியது. பத்திரிகைச் சந்தா சேர்ப்பதே தொழில். ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனியாகச் சந்தாக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பல பத்திரிகைகளை ஒரே உறையில் வைத்து வீடு வீடாக அனுப்பினார்கள். நல்ல யோசனை, இன்றும் நமது சிற்றிதழ்கள் கூடிச் செய்யத்தக்கது. 1967இல் சந்தாவைக் கூட்டுவதற்காக அந்த உறைக்குள் ஒரு குலுக்கல் சீட்டையும் வைத்தார்கள். தொடக்கத்தில் பரிசு 25 சென்ட் முதல் 10 டாலர் வரை. பத்திரிகைக்குத் துணையாக வந்த பரிசு, நமது நண்பர் எண்ணுவது போலவே.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. பரிசு இலட்சமாயிற்று, கோடியாயிற்று. 1980களின் இறுதியிலிருந்து பூங்கொத்தும் பலூன்களும் ஆளுயரக் காசோலையுமாக ஒரு குழு வென்றவர் வீட்டுக் கதவைத் தட்ட, அது தொலைக்காட்சி விளம்பரமாயிற்று. எதையும் வாங்க வேண்டியதில்லை என்று உறையில் அச்சிட்டிருக்கும். ஆனால் வாங்கினால் நல்லது என்ற எண்ணம் எப்படியோ படிப்பவர் மனத்தில் ஏறிவிடும். முதியவர்கள் தமக்கு வேண்டாத பத்திரிகைகளுக்கெல்லாம் சந்தா கட்டினார்கள். பத்திரிகை படிப்பதற்கென்பது போய், பரிசுக்கான நுழைவுச்சீட்டாயிற்று. படிக்காத பத்திரிகைகள் வீட்டுக் கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு பதிப்பாசிரியனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? 1999இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றிற்று. வாங்குவதால் வெல்லும் வாய்ப்பு கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது அச்சட்டம். 2000இல் 24 மாநிலங்களோடு 1.8 கோடி டாலருக்கும், 2001இல் 26 மாநிலங்களோடு 3.4 கோடி டாலருக்கும் நிறுவனம் வழக்குத் தீர்த்துக்கொண்டது.

இணையம் வந்தபின் இந்நிறுவனம் அங்கே குடியேறியது. தேடுகிறவர்க்குத் தற்செயலாகப் பரிசு தரும் 'பிளிங்கோ' என்ற தேடுதளத்தை 2006இல் வாங்கிற்று. நாள்தோறும் வந்து ஆடுக, தேடுக, சொடுக்குக. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு. விளம்பர வருவாய் பெருகியது. பத்திரிகை என்ற பெயர் மட்டும் நிறுவனத்தின் நெற்றியில் மிஞ்சிற்று. 2023இல் அமெரிக்க வணிக ஆணையம், 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளால் மக்களை மயக்கியதாக அந்நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டிற்று. குலுக்கலில் சேர ஏதேனும் வாங்க வேண்டும் அல்லது வாங்கினால் வாய்ப்பு கூடும் என்று நம்பும்படி பக்கங்களை அமைத்தது, மக்களின் தகவல்களைப் பிறருக்குத் தருவது பற்றி உண்மை சொல்லாதது என்று பட்டியல் நீண்டது. பாதிக்கப்பட்டவரில் பலர் முதியவர்கள், வருவாய் குறைந்தவர்கள் என்றது ஆணையம். 1.85 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள்.

2025 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அவ்வாண்டு ஜூலையில் அதை வாங்கியது 'ஏஆர்பி இன்டராக்டிவ்' என்ற நிறுவனம். 'மோடோ' என்ற இணையச் சூதாட்ட அரங்கை நடத்துவது. 'ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ' என்று அவ்வகை அரங்குகளுக்குப் பெயர். பொய்க்காசு விற்பார்கள், அதனோடு குலுக்கல் காசை 'இலவசமாக'க் கொடுப்பார்கள், அந்த இலவசக் காசில் ஆடி வென்றால் மெய்ப்பணம். எதையும் வாங்க வேண்டியதில்லை என்ற அதே பழைய வாசகம்தான் சட்டத்துக்கு முன் கேடயம். கலிஃபோர்னியா 2025இல் இவற்றைத் தடுத்துச் சட்டம் இயற்றிவிட்டது. சந்தா உறையில் தொடங்கிய இலவசக் குலுக்கல் ஒரு சூதாட்ட அரங்கின் சொத்தாகி முடிந்ததைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

'வாழ்நாள் முழுதும் வாரந்தோறும்' என்று வாக்களிக்கப்பட்ட பரிசை வென்றவர்கள் என்ன ஆனார்கள்? தான் வாங்குவதற்கு முன் வென்ற பரிசுகளுக்குத் தான் பொறுப்பல்ல என்றது வாங்கிய நிறுவனம். வேலையை விட்டுவிட்டு அந்தப் பணத்தை நம்பி வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு. காசோலையை அட்டையில் ஆளுயரத்துக்குச் செய்து காட்டியவர்கள், திவால் நீதிமன்றத்தில் கடன் கொடுத்தோர் வரிசையில் அவர்களை நிறுத்திவிட்டார்கள்.

நண்பர் இப்படியெல்லாம் ஆகமாட்டார் என்று நாம் அறிவோம். மெர்ட்ஸும் 1967இல் 25 சென்ட் பரிசு வைக்கும்போது இதையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார். அவரைத் தீயவர் என்று காட்டுவது நமது நோக்கமன்று. இதழுக்குத் துணையாகக் கொண்டுவரப்படும் குலுக்கல், இதழைவிட அதிக வரவைக் கொண்டுவரத் தொடங்கும் நாளில் ஆசிரியர் எதற்கு உழைப்பார் என்பதே நமது கவலை. பக்கத்துக்கு வருவோர் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து, குலுக்கலுக்கு வந்தவர் கவிதையையும் ஒருமுறை தொட்டுப் போனார் என்று தேறுதல் சொல்லிக்கொள்வார். அச்சகப் பணம் கட்டப்பட்டுவிடும். படிப்பவர் எத்தனை பேர் என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும். இன்று அவருக்குத் தெரியும்: 210 பேர். ஒவ்வொருவர் பெயரும் தெரியும், எவர் முகவரி மாறியது என்றும் தெரியும்.

அப்படியானால் அச்சகத்துக்கு என்ன வழி என்று அவர் கேட்பார். தனிப்பிரதியின் விலையை 60 ரூபாயிலிருந்து 100 ஆக்குங்கள் என்பதைத் தவிர நம்மிடம் வேறு யோசனை இல்லை. சிலர் விலகுவார்கள். புதிய விலையில் இரண்டாண்டுச் சந்தாவை நேற்று அனுப்பியிருக்கிறோம். அது எட்டாவது இதழை அச்சகத்திலிருந்து மீட்கப் போதாது என்பதும் தெரியும்.

அவ்வளவு சொல்லியும் குலுக்கலை நடத்துவதென்றே முடிவாயின், தம்பி, ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அன்றைய எண் எவருடையதோ அவருக்கு அன்றே நீங்களாக ஒரு கடிதம் எழுதிப் புத்தகத்தை அனுப்பிவிடுங்கள். நாள்தோறும் வந்து பார்க்க வேண்டியதில்லை என்பதை அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். விளம்பரதாரர் எத்தனை நாள் உங்களோடு நின்றார் என்பதை நமக்கு எழுதுங்கள்.